துடைத்த முகம்

கெரினுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. கேரவனுக்குள் போனாள், வெளியே வந்தாள், கழுவிக் கவிழ்த்த கோப்பைகளை எடுத்து மறுபடியும் கழுவினாள். தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்க்கிற அவள் புருஷன் ரஸ் பார்த்திருந்தால் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருப்பான். நல்லவேளை, அவன் காரின் கூரைமேல் ஏறி இணையத்துக்கான சாட்டிலைட் தட்டைத் திருப்பிக்கொண்டிருந்தான். மத்தியானம் டாக்டர் வீடியோவில் வருகிறார். அதற்குள் காற்று அடங்க வேண்டும், பதினாறு வயது மகன் ரீஸ் படுக்கையை விட்டு எழுந்திருக்க வேண்டும், கெரின் ஒரு நல்ல பொய்யாகப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றும் நடக்கிற வழியைக் காணோம்.

பெண்டிகோ நகரத்தில் இருந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, நாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவதென்று கிளம்பி ஒன்றரை வருஷமாகிறது. ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் வீட்டை விட்டுவிட்டுப் போவார்கள் என்று பேர். இவர்கள் அடுப்பு, கட்டில், கக்கூஸ், வாஷிங் மெஷின் உட்பட அத்தனையையும் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகிற ஜாதி. இப்போது மேற்குக் கரையில், கராத்தாவுக்குத் தெற்கே, கடலுக்கும் செம்மண்ணுக்கும் நடுவில் ஒரு திடலில் நிற்கிறார்கள். ரஸ் எலக்ட்ரீஷியன், போகிற ஊரில் கிடைக்கிற வேலையைப் பார்ப்பான். ரீஸ் லேப்டாப்பில் பள்ளிக்கூடம் படித்தான். கெரின் பயணத்தைப் படம் பிடித்து ‘மூணு பேரும் ஒரு கேரவனும்’ என்று பேர் வைத்து இணையத்தில் போட்டாள். ஏகப்பட்ட பேர் பார்த்தார்கள். கூடாரக் கம்பெனிக்காரன் கூடாரம் அனுப்பினான், செருப்புக் கம்பெனிக்காரன் செருப்பு அனுப்பினான். படங்களில் மூவரும் எந்நேரமும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். மனுஷர்கள் நிஜத்தில் ஒன்றரை வருஷம் அப்படிச் சிரித்தால் வாய் கோணிப்போகும். பார்க்கிறவர்களுக்கு அதெல்லாம் தோன்றுவதில்லை.

ரீஸின் முகத்தில் பரு. பரு என்றதும் பதினாறு வயசில் வருகிறதுதானே என்பார்கள், ரஸ்ஸும் போன மாதம் வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். இது அந்தப் பரு இல்லை. தாடையோரம் தோலுக்கு அடியில் கட்டி கட்டியாக எழும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, தொட்டால் உயிர் போகிற வலி. தலையணையில் ரத்தமும் சீழும். ஏற்கெனவே பூசிவந்த மருந்து வேறு எல்லாத் தலையணை உறையையும் துண்டையும் வெளுக்க வைத்திருந்தது. போகிற இடமெல்லாம் உப்புத் தண்ணீர், செம்புழுதி, பிசுபிசுவென்று ஒட்டுகிற வெயில் களிம்பு. களிம்பு பூசாமல் விட்டால் வெந்துபோகும், பூசினால் இன்னும் நாலு கட்டி. பையன் கடலில் இறங்குவதை நிறுத்தினான். பிறகு வெளியில் வந்து சாப்பிடுவதை நிறுத்தினான். இப்போது பக்கத்து வண்டிக்காரர்கள் பேச்சுக் கொடுக்க வந்தால் உள்ளே போய்த் திரையை இழுத்துவிடுகிறான்.

டாக்டரைப் பார்ப்பது ஒன்றும் லேசான காரியமில்லை. வாரம் ஓர் ஊரில் நிற்கிறவர்களுக்கு எந்த ஊர் டாக்டர் நேரம் ஒதுக்குவார்? கேட்டால் அடுத்த மாதம் வா என்பார்கள், அடுத்த மாதம் இவர்கள் வேறு ஊரில் நிற்பார்கள். அதனால் கெரின் போன மே மாதம், கார்னார்வனில் இருந்தபோது, இணையத்தில் ஒரு டாக்டரைப் பிடித்தாள். அங்கே முகத்தைக் காட்டவே தேவையில்லை. கேள்விகளுக்குப் பதில் எழுதி மூன்று படம் அனுப்பினால் போதும். லேசான பருதான், இந்தக் களிம்பு போதும், பொறுமையாகப் பூசுங்கள் என்று பதில் வந்தது. மருந்துச் சீட்டு போனுக்கே வந்தது, மருந்து அடுத்த ஊர்த் தபாலாபீசுக்கு வந்தது. நாலு சக்கரத்தில் வாழ்கிறவர்களுக்கு இதைவிட வசதி உண்டா என்று கெரின் அதையும் ஒரு பதிவாகப் போட்டாள். மூன்று மாதம் பூசினான். முகம் மோசமாகிக்கொண்டே போனது.

அதனால்தான் இப்போது வேறு டாக்டர், வீடியோவில். அவருடைய ஆபீசிலிருந்து நேற்று ஒரு செய்தி வந்தது. பரு எப்போது தொடங்கியது, வடு எப்போது விழுந்தது என்று தெரிந்தால் நல்லது, பழைய படங்கள் இருந்தால் அனுப்புங்கள். இதென்ன பிரமாதம், என்னிடம் இல்லாத படமா என்று கெரின் போனைத் திறந்தாள்.

படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஆல்பனியில் மீன் பிடித்த ரீஸ், உப்பளத்தில் குதித்த ரீஸ், ஒட்டகத்துக்கு முத்தம் கொடுத்த ரீஸ். அத்தனையிலும் மாவு பூசி வழித்த மாதிரி வழுவழுவென்று ஒரு முகம். ஒரு பருகூட இல்லை. கெரின் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தாள், பையனின் பதினைந்தாவது பிறந்தநாள் வரைக்கும். அங்கேதான் ஆரம்பித்தது. கேக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவனின் மூக்கு நுனியில் ஒரே ஒரு பரு. பாவம், பிறந்தநாளும் அதுவுமாக என்று விரலால் ஒரு தேய்ப்பு, போயே போய்விட்டது. பிறகு கை பழகிவிட்டது. அப்புறம் கைக்கும் வேலை வைக்காமல், எடுக்கும்போதே துடைத்துக் கொடுக்கிற மாதிரி கேமராவை மாற்றி வைத்துக்கொண்டாள். அது துடைத்ததை மட்டும்தான் சேர்த்து வைக்கும், அசலை வைத்துக்கொள்ளாது.

மே மாதம் டாக்டருக்கு அனுப்பிய மூன்று படங்களும் அங்கேயே இருந்தன. அவற்றையும் அதே கேமராவில்தான் எடுத்திருக்கிறாள். எடுத்த அன்றைக்கு அவற்றைப் பார்த்து, பரவாயில்லையே, நாம்தான் பெரிதாக நினைத்துக்கொள்கிறோம் என்று நிம்மதிப்பட்டது நன்றாக ஞாபகமிருந்தது. மகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். தலையைத் திருப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் படத்தைத்தான் பார்த்தாள்.

அந்தப் படத்தை நம்பி அந்த டாக்டர் லேசு என்று எழுதினார். லேசுக்கான மருந்தைப் பூசிக்கொண்டு மூன்று மாதம் உட்கார்ந்ததில் பையனின் கன்னத்தில் குழி விழுந்துவிட்டது. இதை ரஸ்ஸிடம் எப்படிச் சொல்வது? ரீஸிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமலேயே இருந்துவிட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. வந்த யோசனை போகவில்லை.

ரஸ் கூரையிலிருந்து இறங்கி வந்தான். காற்று கூடுகிறது, டாக்டர் பேசி முடித்ததும் கூடாரத்தைச் சுருட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும், இந்த டாக்டராவது உருப்படியாக எதையாவது சொல்வாரா என்று கேட்டுக்கொண்டே டீ போட்டான். கெரின் அவன் போட்ட டீயை வாங்கி வாசல் படியில் வைத்துவிட்டு, திடலின் விளிம்பு வரை நடந்து, ஒன்றுமில்லாததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். டீயில் புழுதி விழுந்திருந்தது.

ரீஸ் கடைசி நிமிஷத்தில் எழுந்து வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றவில்லை.

டாக்டர் ஷிரீன் அடிலெய்டிலிருந்து பேசினார். நடுவயசு, கண்ணாடி, படபடவென்ற பேச்சு. படம் உறைவதும் ஓடுவதுமாக இருந்தது. தொப்பியை எடுக்கச் சொன்னார், ஜன்னல் பக்கம் திரும்பச் சொன்னார், முதுகையும் தோளையும் காட்டச் சொன்னார். தூங்க முடிகிறதா, சாப்பிடுகிறாயா, மனசு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ரீஸ் ‘ம்’ என்றும் ‘ம்ஹூம்’ என்றும் பதில் சொன்னான். பிறகு அவர் தன் பக்கத்தில் எதையோ திறந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“மே மாசம் வேற டாக்டர்கிட்ட அனுப்பின படம் எனக்கு வந்திருக்கு. இதுல கன்னம் சுத்தமா இருக்கே. அப்ப இப்படித்தான் இருந்துச்சா?”

கெரினின் வாய் அவளைக் கேட்காமலே பேசியது. “ஆமா டாக்டர், அப்ப அவ்வளவுதான் இருந்துச்சு. மத்த படமெல்லாம் போச்சு. போன் தண்ணியில விழுந்துடுச்சு.”

ரஸ் நிமிர்ந்து பார்த்தான். எந்தப் போன், எப்போது விழுந்தது என்று அவனுக்கு நினைவில்லை. ஆனால் கெரினின் கையிலிருந்து எதுவும் விழக்கூடியதுதான் என்பதால் விட்டுவிட்டான்.

டாக்டர் அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தார். மூன்றே மாதத்தில் ஒன்றுமில்லாத முகம் இப்படி ஆவது சாதாரணமில்லை என்றார். தோளிலும் முதுகிலும் வேறு இருக்கிறது. உடம்பு ஏற்றுவதற்கென்று சிலர் ஊசியும் மாத்திரையும் எடுத்துக்கொள்வார்கள், அதில் இப்படித் திடீரென்று கிளம்புவதுண்டு. தனியாகப் பேச வேண்டுமென்றால் அம்மா அப்பாவை வெளியே அனுப்பலாம் என்று ரீஸிடம் சொன்னார். அவன் வேண்டாம், இருக்கட்டும் என்றான்.

அவ்வளவுதான், ரஸ்ஸுக்குப் பொறி தட்டிவிட்டது. கார்னார்வனில் பக்கத்து இடத்தில் தங்கியிருந்த சுரங்கத் தொழிலாளி கிர்க். கேரவனுக்கு வெளியே இரும்புக் குண்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு சாயங்காலமெல்லாம் தூக்கிக்கொண்டிருப்பான். இந்தப் பயணம் முழுவதிலும் ரீஸ் தானாகப் போய்ப் பழகிய ஒரே ஆள். ரஸ்ஸுக்கு அவனை அப்போதே பிடிக்கவில்லை.

“டேய், அந்தக் கிர்க் உனக்கு என்னடா குடுத்தான்?”

“ஒண்ணும் குடுக்கலப்பா.”

“ஒண்ணும் குடுக்காமத்தான் தினம் அங்கயே கெடந்தியா? பவுடரா, ஊசியா? இங்க டாக்டர் இருக்காங்க, சொல்லித் தொலை. நான் திட்ட மாட்டேன்.”

திட்ட மாட்டேன் என்பதையே அவன் திட்டுகிற குரலில்தான் சொன்னான். டாக்டர் அவனைப் பொறுமையாக இருக்கச் சொன்னார். எதுவும் எடுத்திருந்தால் சொல்லிவிடு, நல்லதுதான், இல்லையென்றால் ரத்தம், ஹார்மோன் எல்லாம் பார்த்து, முடிவு வந்த பிறகுதான் பெரிய மருந்தைப் பற்றி யோசிக்க முடியும், அதற்குச் சில வாரமாகும் என்றார்.

ரீஸ் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தான். ஒரு தடவைதான் பார்த்தான். அதில் கோபமில்லை, கேள்வியுமில்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும் என்கிற பார்வை. பிறகு திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“ரத்தம் எடுத்துக்குங்க டாக்டர். பரவால்ல” என்றான்.

கெரினுக்கு உடம்பெல்லாம் கூசியது. இவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே அம்மாவின் பழியைத் தன் தலையில் வாங்கிக்கொள்கிறான், இத்தனைக்கும் அப்பன் முன்னால். அவளுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“டாக்டர், போன் தண்ணியில விழல. அவன் ஒண்ணும் எடுத்துக்கல. நான் அனுப்பின படம் பொய்ப் படம். பருவெல்லாம் துடைச்ச படம்.”

டாக்டர் ஷிரீன் நல்ல மனசுக்காரர். இப்போதெல்லாம் போனே தன் இஷ்டத்துக்கு முகத்தை வழுவழுப்பாக்கிவிடுகிறது, நிறைய பேருக்கு இப்படி ஆகிறது என்று தப்பித்துக்கொள்ள ஏணி வைத்துக் கொடுத்தார். அதில் ஏறி இறங்கிவிடக் கெரினுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

“இல்ல டாக்டர். நான்தான் அப்படி வெச்சேன். ஒன்றரை வருஷமா எல்லாப் படத்துலயும் அப்படித்தான். துடைக்காத படம் எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல.”

ஒன்றாவது இருந்தால் உதவியாக இருந்திருக்கும் என்றார் டாக்டர். கேரவனின் ஓரத் தகடு காற்றில் படபடத்தது. படம் ஒரு முறை உறைந்து மீண்டது.

“எங்கிட்ட இருக்கு” என்றான் ரீஸ்.

தன் போனை எடுத்து நடுவில் வைத்தான். கேரவன் பார்க்குகளின் குளியலறைக் கண்ணாடி, பெட்ரோல் பங்க் கக்கூஸ் கண்ணாடி, காரின் பக்கக் கண்ணாடி. எல்லாவற்றிலும் அவன் முகம், சிரிப்பில்லாமல், நேராக. வீங்கி, சிவந்து, புண்ணாகி, மாதம் மாதமாக மாறிக்கொண்டு வந்த முகம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதே நாளில் கெரின் இணையத்தில் போட்ட படம் ஒட்டியிருந்தது, சிரித்துக்கொண்டு, வழுவழுவென்று.

“எதுக்குடா இதெல்லாம் எடுத்து வெச்சிருக்க?” என்று கேட்டான் ரஸ். இந்தத் தடவை திட்டுகிற குரல் இல்லை.

“அம்மா போட்டதும் எடுப்பேன். எதெல்லாம் துடைச்சுட்டாங்கன்னு பாக்க.” போனை நகர்த்திக்கொண்டே போனவன் ஓரிடத்தில் நிறுத்தினான். “இதுல மச்சத்தையும் எடுத்துட்டாங்க. பருன்னு நெனச்சுட்டாங்க போல. அது பொறந்ததுலேருந்து இருக்கறது.”

ரஸ்ஸின் கை தானாகத் தன் தாடைக்குப் போனது. அவனுக்கும் அதே இடத்தில் ஒன்று உண்டு. பிள்ளை பிறந்த அன்றைக்கு, அப்பனைப் போலவே என்று கெரின்தான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னாள். இப்போது அவள் மகனின் தாடையில் அதைத் தேடினாள். கட்டிகளுக்கு நடுவில் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

டாக்டருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அவருடைய பேச்சு மறுபடி வேகம் பிடித்தது. போன வருஷமே தொடங்கியிருக்கிறது, மெதுவாகத்தான் ஏறியிருக்கிறது, ஊசி கீசி எதுவும் இல்லை, காத்திருக்கத் தேவையும் இல்லை. பெர்த்தில் இருக்கிற தோல் டாக்டருக்கு இன்றே எழுதுகிறேன், அவரும் வீடியோவிலேயே பார்ப்பார், பெரிய மருந்து அவர்தான் தர வேண்டும். அதற்கு முன்பான சாதாரண ரத்தப் பரிசோதனையைக் கராத்தாவில் முடித்துவிடுங்கள். அதுவரைக்கும் ஒரு மாத்திரை, சாப்பிட்டுவிட்டு, நிறையத் தண்ணீரோடு, உடனே படுக்கக் கூடாது. அந்த மாத்திரைக்கு வெயில் ஆகாது, நீங்கள் இருக்கிற இடமோ வெயிலைத் தவிர வேறெதுவும் இல்லாத இடம், அதனால் முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, எண்ணெயில்லாத களிம்பு. கிள்ளக் கூடாது. மனசு ரொம்பச் சோர்ந்தால் முகத்துக்காக மட்டுமில்லாமல் அதற்காகவும் என்னைக் கூப்பிடு என்று ரீஸிடம் தனியாக ஒரு முறை சொன்னார். அவன் முதல் தடவையாக ‘சரி’ என்றான்.

முடிக்கப் போகிற நேரத்தில் கெரின் கேட்டாள்.

“மே மாசமே நெஜமான படம் வந்திருந்தா இந்தக் குழியெல்லாம் விழுந்திருக்காதா டாக்டர்?”

டாக்டர் ஷிரீன் இந்த முறை ஏணி எதையும் வைக்கவில்லை. “கொஞ்சம் கம்மியா விழுந்திருக்கும்” என்றார். பெர்த் டாக்டருக்கு அனுப்ப இன்றைய முகம் வேண்டும், பகல் வெளிச்சத்தில், வெளியில் வைத்து, நேராக ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, எதுவும் மாற்றாமல் எடுத்து உடனே அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூவரும் வெளியே வந்தார்கள். செம்புழுதி முழங்கால் உயரத்துக்குப் பறந்துகொண்டிருந்தது. ரீஸ் தொப்பியில்லாமல் கேரவனின் பக்கச் சுவரை ஒட்டி நின்றான். இரண்டு வண்டி தள்ளி ஒரு கிழத் தம்பதி நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது, அவன் உள்ளே ஓடவில்லை. கெரின் மகனின் போனுக்காகக் கையை நீட்டினாள். அது பழக்கம். இந்தக் குடும்பத்தில் படம் எடுக்கிற கை அவளுடையதுதான்.

ரீஸ் போனைக் கொடுக்கவில்லை. “அப்பா எடுக்கட்டும்” என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான், உப்பை எடு என்கிற மாதிரி.

ரஸ் எடுத்த படத்தில் இதுவரை ஒருவர் தலையும் முழுசாக விழுந்ததில்லை. அவன் போனை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதை அமுக்க வேண்டும் என்று மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். கெரினுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சட்டைப் பைக்குள் விட்டாள், எடுத்தாள், கட்டிக்கொண்டாள். வெயில் பிள்ளையின் கண்ணில் நேராக அடிக்கிறதே என்று, இதையாவது செய்யலாம் என்று, அவனுக்கும் சூரியனுக்கும் நடுவில் போய் நின்றாள்.

ரஸ் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்.

“கெரி, உன் நிழல் அவன் மூஞ்சில விழுது. தள்ளி நில்லு.”

கெரின் தள்ளி நின்றாள்.